ஆட்டோபைலட்தானே ஓட்டுகிறது? விமானிகளின் வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் காக்பிட் கதவு எப்போதும் மூடித்தான் இருக்கிறது. உள்ளே நடப்பதில் அவர் உடம்புக்குத் தெரிவது சக்கரம் தரையைத் தொடும் ஒரு நொடி மட்டும்தான். அதனால் அந்த ஒரு நொடியை வைத்தே மொத்த வேலைக்கும் மார்க் போட்டுவிடுகிறார். ஆனால் விமானியின் திறமை பெரும்பாலும் அதற்குப் பல நிமிடங்கள் முன்பு எடுத்த முடிவுகளில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சில கேள்விகளுக்கு, இந்தியாவில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 ரகத்தைப் பெரும்பாலும் எடுத்துக்காட்டாக வைத்து இங்கே பதில் தருகிறோம்.

ஆட்டோபைலட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்போது பைலட்டுக்கு என்ன வேலை?

ஆட்டோபைலட் சொன்ன பேச்சைக் கேட்கும். என்ன சொல்ல வேண்டும் என்பதை விமானிதான் முடிவு செய்ய வேண்டும். எந்த உயரம், எந்தத் திசை, எவ்வளவு வேகம், எந்த வழியில் இறங்குவது என எல்லாமே விமானிகள் கொடுப்பவை. எதிரே இடிமேகம் நின்றால் அது தானாக ஒதுங்காது. முன்னால் இறங்கிய விமானம் ரன்வேயை விட்டு விலகத் தாமதமானாலும் அதற்குத் தெரியாது.

ஒரு சின்ன வேலையை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். ‘9,000 அடிக்கு இறங்குங்கள்’ என்று கட்டுப்பாட்டு அறை சொல்கிறது. ஒருவர் அதைத் திருப்பிச் சொல்கிறார். மற்றவர் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் உயரக் குமிழைத் திருகி 9,000 என்று வைக்கிறார். ஏ320-இல் அந்தக் குமிழை வெளியே இழுத்தால் ஒரு விதம், உள்ளே அழுத்தினால் வேறு விதம். இழுத்தால் இன்ஜின் ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த விசைக்குப் போகும். விமானம் வழியில் உள்ள உயர வரம்புகளைக் கணக்கில் எடுக்காமல் நேரே இறங்கும். அழுத்தினால் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த பாதைப்படி, ஒவ்வொரு புள்ளிக்கும் விதித்த உயரத்தை மதித்து இறங்கும். திருகிவிட்டு இரண்டில் ஒன்றும் செய்யாவிட்டால் விமானம் இருந்த உயரத்திலேயே போய்க்கொண்டிருக்கும். ஆகவே குமிழைத் தொட்டதோடு வேலை முடிவதில்லை. திரையின் மேல்வரியில் எந்த மோடு (இயங்கும் முறை) வந்திருக்கிறது என்று படித்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைச் சரிபார்க்க வேண்டும். சென்னையிலிருந்து டில்லி போவதற்குள் இது எத்தனையோ முறை நடந்துவிடும்.

இதில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இறங்கிய தென்கொரிய விமானம் ஏசியானா 214 சாட்சி. போயிங் 777, தெளிவான பகல். விமானம் பாதைக்கு மேலே உயரமாக வந்துவிட்டது. அதைச் சரிசெய்யப் போனபோது மாறிய மோடால், இன்ஜின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டில் வேகத்தைக் காக்கும் வேலையிலிருந்து விலகிக்கொண்டது. அது பார்த்துக்கொள்கிறது என்று விமானிகள் நம்பியிருந்தார்கள். 137 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர்) இருக்க வேண்டிய வேகம் 103 நாட் வரை சரிந்தது. ரன்வேக்கு முன்னாலிருந்த கடல்சுவரில் வால் மோதி உடைந்தது. 3 பேர் இறந்தார்கள். தானியங்கி கூடக்கூட விமானிக்குத் தெரிந்திருக்க வேண்டியவையும் கூடுகின்றன. கையால் ஓட்டவும் தெரிய வேண்டும், இயந்திரம் இந்த நொடியில் என்ன செய்கிறது, எதைச் செய்யாமல் விட்டிருக்கிறது என்றும் தெரிய வேண்டும்.

டேக்-ஆஃப், லேண்டிங்கையும் கம்ப்யூட்டரே செய்துவிடுமாமே?

இன்று பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானங்களில் டேக்-ஆஃபை விமானியே கையால் செய்கிறார். ஏ320-இல் தரையை விட்டு 100 அடி ஏறும் வரை ஆட்டோபைலட்டைப் போட அனுமதியே இல்லை. வழக்கத்தில் பலரும் அதற்கு மேலும் நன்றாக ஏறிய பிறகுதான் போடுவார்கள்.

தானாகத் தரையிறங்கும் வசதி உண்டு. ஆனால் அது மூடுபனிக்காக வந்தது. டில்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ரன்வே விளக்கே கண்ணுக்குத் தெரியாத காலை நேரங்களில் அது கைகொடுக்கிறது. அதற்கு விமானம், விமான நிலையத்தின் வழிகாட்டிக் கருவிகள், விளக்கு அமைப்பு, இரண்டு விமானிகளின் தனிப் பயிற்சி ஆகிய நான்கும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் இறங்க முடியாது. போகி அன்று காலை சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படுவது இதனால்தான்.

காற்று பலமாக அடிக்கும்போது நிலைமை தலைகீழ். ஏ320-இல் தானியங்கித் தரையிறக்கத்துக்குப் பக்கக் காற்றின் வரம்பு 20 நாட். மனிதர் ஓட்டினால் திடீர்க் காற்று வீச்சையும் சேர்த்து 38 நாட் வரை இறக்கிக் காட்டப்பட்டிருக்கிறது. அதாவது கம்ப்யூட்டர் கைவிடும் இடத்தில்தான் விமானி பொறுப்பேற்கிறார். மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் வருவதுபோல் வந்து, கடைசி 30 அடியில் ரட்டரை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகையை இயக்கும் மிதியை) மிதித்து மூக்கை ரன்வேக்கு நேராக்கி, காற்றடிக்கும் பக்கத்து இறக்கை தூக்கிக்கொள்ளாமல் எதிர்த்துப் பிடித்து, அதே சமயம் இறங்கும் வேகத்தையும் குறைக்க வேண்டும். இவ்வளவுக்கும் சில நொடிகள்தான் இருக்கின்றன. சீக்கிரம் நேராக்கினால் காற்று விமானத்தை ஓரத்துக்குத் தள்ளும். தாமதித்தால் சக்கரம் கோணலாகத் தொட்டு டயருக்கும் சக்கரக் கால்களுக்கும் அடி விழும்.

ரன்வேயில் ஓடி மேலே எழும்புவதில் என்ன பெரிய திறமை?

எல்லாம் சரியாக இருக்கும் நாளில் அதிகம் இல்லைதான். ஆனால் ஒவ்வொரு டேக்-ஆஃபும் ‘இன்று ஒரு இன்ஜின் போகப்போகிறது’ என்ற தயார்நிலையில் செய்யப்படுகிறது.

புறப்படும் முன் எடை, வெப்பநிலை, காற்று, ரன்வே நீளம், ஈரம் எல்லாவற்றையும் கொடுத்து மூன்று வேகங்களைக் கணக்கிடுவார்கள். வி-1 வரை நிறுத்தலாம். அதற்குப் பிறகு நிறுத்த ரன்வே போதாமல் போகலாம், என்ன ஆனாலும் எழும்ப வேண்டும். வி-ஆர் மூக்கைத் தூக்கும் வேகம். வி-2 ஒரு இன்ஜினோடு பாதுகாப்பாக ஏறும் வேகம். கனமான ஏ320-க்கு வி-1 ஏறக்குறைய 140 நாட், மணிக்கு 260 கிலோமீட்டர். ஓட்டுவது யாராக இருந்தாலும் அதுவரை கேப்டனின் கை இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரின் மேலேயே இருக்கும். வி-1 என்று குரல் வந்ததும் கையை எடுத்துவிடுவார். இனி நிறுத்தும் ஆசையே வரக் கூடாது என்பதற்கு அந்தக் கை அசைவு.

இந்தக் கணக்கை இருவரும் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட வேண்டும். 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் எமிரேட்ஸ் ஏ340 ஒன்றுக்கு 362 டன் எடைக்குப் பதில் 262 டன் என்று பதிந்துவிட்டது. ஒரே ஒரு இலக்கம். கம்ப்யூட்டர் அந்த எடைக்கேற்ற குறைந்த விசையைத் தந்தது. விமானத்தின் வால் ரன்வேயில் உரசியது. ரன்வே முடிவில் இருந்த விளக்கையும் ஆன்டெனாவையும் இடித்துக்கொண்டுதான் மேலே ஏறியது. கேப்டன் கடைசி நேரத்தில் முழு விசை கொடுத்ததால் எல்லோரும் பிழைத்தார்கள்.

வி-1 தாண்டியதும் இன்ஜின் போனால் மூக்கு செத்த இன்ஜின் பக்கம் திரும்பும். வேலை செய்யும் இன்ஜின் பக்கத்து ரட்டரை மிதித்து நடுக்கோட்டில் நிறுத்த வேண்டும். வழக்கத்தைவிட நிதானமாக மூக்கைத் தூக்கி, 15 பாகைக்குப் பதில் 12.5 பாகையில் வைக்க வேண்டும். மேலே ஏறுவது உறுதியானதும் சக்கரத்தை உள்ளே எடுக்கலாம். அதன்பின் குறைந்தது 400 அடி வரை பழுதைப் பற்றி ஒன்றும் செய்யக் கூடாது. எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருந்தாலும் சரி. பயிற்சி இல்லாதவருக்கு இந்தப் பொறுமைதான் மிகவும் கஷ்டம். பிறகு லீவரைத் தொடும் முன் ‘இதுதானே?’ என்று கேட்டு, மற்றவர் பார்த்து ‘ஆமாம்’ என்று சொன்ன பின்தான் அணைக்க வேண்டும். 2015 பிப்ரவரி 4, தைபேயில் டிரான்ஸ்ஏசியா ஏடிஆர் விமானத்தில் ஒரு இன்ஜின் விசை இழந்தது. அவசரத்தில் நல்ல இன்ஜினை அணைத்துவிட்டார்கள். 43 பேர் இறந்தார்கள்.

லேண்டிங் ‘தடால்’ என்று இருந்தால் பைலட் சுமார்தானே?

இல்லை. மழை நாளில் மெத்தென்று இறக்குவதுதான் தவறு.

ஈரமான ரன்வேயில் டயருக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்தால் சக்கரம் தண்ணீர் மேல் மிதக்கும், பிரேக் பிடிக்காது. எந்த வேகத்தில் இது நிகழும் என்பதற்கு விமானிகள் படிக்கும் ஒரு சூத்திரம் உண்டு: டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்க வேண்டும். ஏ320 டயரில் ஏறக்குறைய 200 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தம் இருக்கும். அப்படியானால் 127 நாட். தரையைத் தொடும் வேகம் பெரும்பாலும் அதற்கு மேலேயே இருப்பதால், சக்கரத்தைச் சற்று அழுத்தமாகத் தரையில் பதித்து, நீர்ப்படலத்தைக் கிழித்து, உடனே சுழலவைக்க வேண்டும். எடை சக்கரத்தில் இறங்கினால்தான் இறக்கையின் மேலுள்ள ஸ்பாய்லர் பலகைகள் முழுதாக எழும். அவை எழுந்தால்தான் இறக்கையின் தூக்குவிசை செத்து, பிரேக்குக்குப் பிடி கிடைக்கும்.

மெத்தென்று இறக்க ஆசைப்பட்டு தரைக்கு மேல் மிதந்துகொண்டே போனால் என்ன செலவு என்று பாருங்கள். 135 நாட் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர். மூன்று நொடி மிதந்தால் 210 மீட்டர் ரன்வே போய்விட்டது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில், பின்காற்றோடு இறங்கிய போயிங் 737, ரன்வேயின் ஏறக்குறைய பாதியைக் கடந்துதான் தரையைத் தொட்டது. மேட்டின் மேல் அமைந்த அந்த ரன்வேயின் முடிவில் நிற்க முடியாமல் சரிவில் விழுந்து, இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். சரியான இடத்தில், சரியான வேகத்தில், நடுக்கோட்டில் தொட்டாரா என்பதே விமானிகள் ஒருவரையொருவர் மதிப்பிடும் அளவுகோல். மென்மை அதற்கு அப்புறம்தான்.

இறங்கப் போய் மறுபடி மேலே ஏறிவிட்டார். இறக்கத் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்வியை மாற்றியே ஆக வேண்டும். கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே, போனவரைக் குறை சொல்லும் பழக்கம் ஆபத்தானது.

இறங்கும்போது மேகத்துக்குள் என்றால் 1,000 அடியில், தெளிவான வானிலை என்றால் 500 அடியில் சில விஷயங்கள் முடிந்திருக்க வேண்டும். சக்கரம் கீழே, ஃபிளாப்ஸ் (மெதுவாகப் பறக்க இறக்கையிலிருந்து நீளும் பலகைகள்) இறுதி நிலையில், வேகம் இலக்கை ஒட்டி, இறங்கும் வீதம் நிமிடத்துக்கு 1,000 அடிக்குள், சரிபார்ப்புப் பட்டியல் முடிந்து, ரன்வேக்கு நேராக. ஒன்று தவறினாலும் மேலே போக வேண்டும் என்பது விதி. சரியாகப் போகும் இறக்கம் மூன்று பாகைச் சரிவில் இருக்கும். தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் இறங்க வேண்டிய வீதம் வந்துவிடும்: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. 1,200, 1,500 என்று காட்டினால் எங்கோ முன்பே கணக்கு தவறியிருக்கிறது.

2010 மே 22, மங்களூரு. விமானம் இருக்க வேண்டிய பாதைக்கு மிக மேலே இருந்தது. கோ-பைலட் மேலே போகச் சொன்னார். கேப்டன் இறக்குவதிலேயே நின்றார். 8,000 அடி ரன்வேயில் ஏறக்குறைய 5,200 அடி கடந்து தொட்டது. 158 பேர் இறந்தார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போது சென்னையில் இறங்க வந்த ஒரு விமானம் ஒருபக்கம் சாய்ந்து, தரைக்கு மிக அருகிலிருந்து மேலே ஏறிய காட்சியை நாடே பார்த்தது. அந்த நிலையிலும் முழு விசை கொடுத்து ஏற முடிந்தது என்றால், கையும் மனமும் ஏற்கெனவே அதற்குத் தயாராக இருந்தன என்று பொருள். லீவரை முன்னால் தள்ளு, மூக்கைத் தூக்கு, ஃபிளாப்ஸை ஒரு படி குறை, ஏறுவது உறுதியானதும் சக்கரத்தை எடு: இந்த வரிசையை இறங்கத் தொடங்கும் முன்பே பேசி வைத்திருப்பார்கள்.

கோ-பைலட் என்பவர் உதவியாளர்தானே?

அவரும் அதே விமானத்தை ஓட்ட முழு உரிமம் பெற்றவர். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கவனித்துத் திருத்துவார், ரேடியோ பேசுவார். அடுத்த பயணத்தில் பெரும்பாலும் பாத்திரம் மாறும். நீங்கள் ரசித்த லேண்டிங் கோ-பைலட்டுடையதாக இருக்கலாம். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃபே தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பிறகு, சந்தேகம் வந்தால் மூத்தவரிடமும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பதே தனிப் பாடமாக வளர்ந்தது. மங்களூருவில் சொன்னது போதாது. தேவைப்பட்டால் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ளவும் கோ-பைலட்டுக்குப் பயிற்சி தரப்படுகிறது.

ஒரே பைலட் போதாதா?

35,000 அடியில் கேபின் காற்றழுத்தம் போய்விட்டால் தெளிவாக யோசிக்கக் கிடைப்பது 30 முதல் 60 நொடி. அதற்குள் மாஸ்க்கைப் போட்டு, பேச்சுத் தொடர்பை உறுதி செய்து, 10,000 அடிக்கு இறங்கத் தொடங்க வேண்டும். கீழே மலை இருந்தால் எங்கே திரும்புவது என்றும் முடிவு செய்ய வேண்டும். இதை ஒருவரிடம் விடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

பெரிய பழுது வந்தால் கையேட்டைப் பார்த்துச் செய்வதுதானே?

கையேடு அவசியம். ஆனால் எந்தப் பக்கத்தை எப்போது திறப்பது, எப்போது மூடி வைப்பது என்பது விமானியின் முடிவு.

2009 ஜனவரி 15, நியூயார்க். சுமார் 2,800 அடியில் வாத்துக் கூட்டம் மோதி ஏ320-இன் இரண்டு இன்ஜின்களும் விசை இழந்தன. அதற்கான பட்டியல் மிக உயரத்தில் பறக்கும்போது நடப்பதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, மூன்று பக்கம். அவர்களிடம் இருந்ததோ 208 நொடி. கேப்டன் சல்லன்பெர்கர் பட்டியலில் வெகு கீழே இருந்த ஒரு வேலையை முதலிலேயே செய்தார்: வாலில் இருக்கும் துணை இன்ஜினை இயக்கினார். அதனால் மின்சாரம் நிலைத்தது, விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணினிகள் முழுப் பாதுகாப்போடு வேலை செய்தன. கோ-பைலட் ஸ்கைல்ஸ் இன்ஜினை மீண்டும் கிளப்ப முயன்றபடியே இருந்தார். ஹட்சன் ஆற்றில் இறங்கி 155 பேரும் பிழைத்தார்கள். அடிபட்ட உடனே திரும்பியிருந்தால் விமான நிலையத்தை எட்டியிருக்கலாம் என்று சிமுலேட்டர் (தரையில் இருக்கும் போலி காக்பிட்) சோதனை காட்டியது. என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள 35 நொடி சேர்த்துப் பார்த்தபோது ரன்வே எட்டவில்லை. நிஜத்தில் அந்த 35 நொடி யாருக்கும் தள்ளுபடி ஆகாது.

நேர் எதிரான ஒரு நாளும் உண்டு. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவான்டாஸ் ஏ380-இல் ஓர் இன்ஜின் வெடித்துச் சிதறி இறக்கையைத் துளைத்தது. விமானத்தில் 469 பேர். திரையில் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. அன்று காக்பிட்டில் ஐந்து விமானிகள் இருந்தும், பட்டியல்களை முடிக்க ஏறக்குறைய 50 நிமிடம் பிடித்தது. கேப்டன் டி கிரெஸ்பினி அவசரப்படவில்லை. ஒரு கட்டத்தில் பழுதானவற்றை எண்ணுவதை விட்டு, இன்னும் வேலை செய்பவை எவை என்று பார்க்கத் தொடங்கினார். இறங்கும் முன் மெதுவான வேகத்தில் விமானம் கைக்கு அடங்குகிறதா என்று உயரத்திலேயே சோதித்தார். 4 கிலோமீட்டர் ரன்வேயில் மிச்சம் சுமார் 100 மீட்டர்தான் என்று கணக்கு சொன்னது. நின்ற பிறகும் ஓர் இன்ஜின் அணைய மறுத்தது, எரிபொருள் ஒழுகியது, பிரேக் கொதித்தது. தீயணைப்பு வண்டிகள் நுரை அடித்துக்கொண்டிருக்க, பயணிகளை அவசரகாலச் சறுக்கில் குதிக்கவைக்காமல் உள்ளேயே வைத்திருந்து, படிக்கட்டு வழியே இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. ஒரு விமானிக்கு நொடிகளில் முடிவெடுக்கவும் தெரிய வேண்டும், இப்படி ஒரு மணி நேரம் பொறுத்திருக்கவும் தெரிய வேண்டும். கஷ்டமானது, இரண்டில் எது தேவை என்று அறிவது.

ரேடாரில் மேகம் தெரியுமே, சுற்றிப் போக என்ன சிரமம்?

ரேடார் காட்டுவது மழைத்துளியை. 36,000 அடியில் இருக்கும் பனித்துகளும் காய்ந்த ஆலங்கட்டியும் அதில் மங்கலாகத்தான் விழும். ரேடார் கற்றையை நேரே வைத்தால் திரையில் லேசான மழைக்கான பச்சைகூட வராமல் போகலாம். கீழே சாய்த்து, மேகத்தின் ஈரமான வயிற்றுப் பகுதியைப் பார்க்க வேண்டும். மிகவும் சாய்த்தால் தரையின் எதிரொலி திரையை நிரப்பும். பலமான இடிமேகத்திலிருந்து 20 கடல் மைல் விலகுவது வழக்கம். முடிந்தால் காற்று வரும் பக்கமாக. மறுபக்கத்தில் மேகத்தின் தலைப்பகுதி நீண்டு ஆலங்கட்டியைக் கொட்டும். இரண்டு சிவப்புத் திட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அங்கே போய்ச் சேருவதற்குள் மூடிக்கொள்ளலாம் என்பதால், 40 மைலுக்கு முன்பே முடிவு செய்து அனுமதி கேட்பார்கள். அதனால்தான் உங்களுக்குக் குலுக்கல் தெரிவதில்லை.

எல்லா விமான நிலையமும் ஒன்றுதானே?

லடாக்கில் உள்ள லே விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 10,682 அடியில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால், கருவியில் 135 நாட் காட்டும்போது உண்மையான வேகம் 160 நாட் அளவில் இருக்கும். அதே விமானத்துக்கு அங்கே நிற்க அதிகத் தூரம் வேண்டும். ஒரு இன்ஜின் போனால் ஏறும் திறனும் குறைவு, சுற்றிலும் மலை. ஒரு பக்கத்திலிருந்து இறங்கி, எதிர்ப்பக்கமாக எழும்ப வேண்டும். வெயில் ஏறினால் காற்று கிளம்புவதால் விமானங்கள் காலையிலேயே போய்வருகின்றன. அங்கே போகும் கேப்டனுக்குத் தனித் தகுதி வேண்டும்.

லைசென்ஸ் வாங்கிவிட்டால் அவ்வளவுதானே?

இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் படித்து, முதல் வகுப்பு மருத்துவத் தேர்வு, வானிலை, வழிகாட்டல், விமானச் சட்டம், தொழில்நுட்பப் பாடங்கள், ரேடியோ தேர்வு, 200 மணி நேரப் பறப்பு ஆகியவற்றை முடித்தால் வணிக உரிமம் கிடைக்கும். அதன்பின் ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனிப் பயிற்சி. கேப்டனாக வேண்டிய உரிமத்துக்கு 1,500 மணி நேரம். இவ்வளவுக்கும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் இன்ஜின் பழுது, தீ, கருவிக் கோளாறு என்று சோதிப்பார்கள். தேறாவிட்டால் மறுபயிற்சி முடியும்வரை பறக்க முடியாது. முப்பது வருட அனுபவம் உள்ளவருக்கும் இதில் விலக்கு கிடையாது. மருத்துவத் தேர்வும் விடாமல் தொடரும். 65 வயதோடு வணிக விமானத்தில் பறப்பது முடிகிறது.

அடுத்த முறை பறக்கும்போது இதில் எதையாவது நான் கவனிக்க முடியுமா?

முடியும். ஜன்னல் ஓர இருக்கை, இறக்கைக்குச் சற்றுப் பின்னால். தரையிறங்க சுமார் 25 நிமிடம் இருக்கும்போது இன்ஜின் சத்தம் தணியும். 36,000 அடி என்றால், ஆயிரம் அடிக்கு மூன்று மைல் வீதம் 108 கடல் மைலும், வேகம் குறைக்கக் கொஞ்சமும் கூட்டி, விமானி கணக்கிட்ட இடம் அது. பின்காற்று அடித்தால் இன்னும் முன்பே தொடங்குவார். கணக்கு சரியாக இருந்தால் இன்ஜின் நீண்ட நேரம் ஐடிலிலேயே இருக்கும். கட்டுப்பாட்டு அறை உயரத்தில் நிறுத்திவைத்து தாமதமாக இறங்கவிட்டால், இறக்கையின் மேல் பலகைகள் எழும்பி, உடல் லேசாக அதிரும். கடைசி இரண்டாயிரம் அடியில் சக்கரம் இறங்கும் சத்தம், ஃபிளாப்ஸ் நீளும் உறுமல் எல்லாம் முடிந்து இன்ஜின் மெல்லக் கூடி ஒரே சீராக ஒலிக்க வேண்டும். 1,000 அடிக்குக் கீழே அது பெரிதாக ஏறி இறங்காமல் இருந்தால், முன்னால் இருவரும் எல்லாவற்றையும் நேரத்துக்கு முடித்துவிட்டார்கள்.